காத்தா, தண்ணியா? – ஒரு பழைய வானை முன்வைத்து

வட்ட மூக்கு. முன்முகத்தில் ‘வி’ வடிவத்தில் பிரிந்த ரெண்டு நிறம். நடுவில் பெரிய சின்னம், பக்கத்துக்கு ஒண்டாக உருண்டைக் கண் மாதிரி லைற். இந்த வானை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ரி-ஷேர்ட்டில், திறப்புக் கோர்வையில், கடற்கரைப் பக்கத்துக் கபேச் சுவரில், பயணத்தைப் பற்றித் தத்துவம் சொல்லுற படங்களில் எல்லாம் இதுதான் நிற்கும். வொக்ஸ்வாகன் கொம்பி.

எங்களில் ஒருத்தரும் இதை ஓட்டினதில்லை. ஏறி இருந்ததும் இல்லை. ஆனால் போன மாதம் முழுக்க கன்ரீனில் இதைப் பற்றித்தான் சண்டை.

தொடக்கம் சின்ன விசயம். எங்களில் ஒருத்தன் பழைய வாகனப் பைத்தியம். பிரேசிலில் கடைசிக் காலத்தில் செய்த கொம்பி ஒன்றின் படத்தைக் காட்டி, “இது கொம்பியே இல்லை மச்சான். தண்ணி எஞ்சின். மூஞ்சையில கறுப்பு றேடியேற்றரை ஒட்டி வச்சிருக்கிறாங்கள். உயிரை எடுத்துப்போட்டுத் தோலை மட்டும் விட்டிருக்கிறாங்கள்” எண்டான். பக்கத்தில் இருந்தவளின் அப்பா இருபது வருசமாகப் பள்ளிக்கூட வான் ஓடுறவர். அவள் கேட்டாள்: “உயிர் எண்டு எதைச் சொல்லுறாய்? விடிய ஆறரைக்கு வான் ஸ்ராட் ஆகாட்டி அண்டைக்கு எங்கட வீட்டில காசில்லை. எங்களுக்கு அதுதான் வானின்ட உயிர்.”

இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவில் நாங்கள் ஒரு மாதம் நின்றோம். கலைப்பீடத்துக்காரருக்கு எஞ்சின் என்னத்துக்கு எண்டு நீங்கள் கேட்கலாம். வாசிக்க வாசிக்க, இது எஞ்சினோடு முடிகிற சண்டை இல்லை எண்டு விளங்கினதால்தான் எழுதுகிறோம். எங்கட முடிவை முதலே சொல்லிவிடுகிறோம்: உழைக்க வேண்டிய வானுக்குத் தண்ணிதான் சரி. காற்றில் குளிரும் எஞ்சின் அருமையான ஒரு தீர்வு. ஆனால் அதை ‘அசல்’ எண்டு கும்பிடுகிறவர்கள், அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சூடு எங்கே போகும்?

பெற்றோலை எரித்தால் வருகிற சக்தியில் மூன்றில் ஒரு பங்கு கூட பழைய எஞ்சின்களில் சில்லுக்குப் போய்ச் சேராது. மிச்சம் எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். இன்னொரு பகுதி எஞ்சினின் உலோகத்தில் ஏறும். அதை வெளியே எடுக்காவிட்டால் ஒயில் நீர்த்துப்போகும், பிஸ்ரன் விரிந்து சிலிண்டருக்குள் இறுகும், அதோடு கதை முடியும்.

எடுக்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்று காற்று. மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றிச் செதில் செதிலாக இருக்குமே, அதே மாதிரிச் செதில்களைச் சிலிண்டரில் வைத்து அதன் மேல் காற்றை அடிப்பது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின் வெளியில் தெரிகிறபடியால் ஓடும்போது வருகிற காற்றே காணும். கொம்பியில் எஞ்சின் பின்பக்கம், ஒரு பெட்டிக்குள் இருக்கு. அதனால் பெல்ற்றில் சுற்றுகிற பெரிய விசிறி ஒன்று வேணும். அது ஊதுகிற காற்று வழிதவறாமல் சிலிண்டர்களுக்குப் போகத் தகரக் கூடு ஒன்றும் வேணும்.

மற்றது தண்ணி. சிலிண்டர்களைச் சுற்றி எஞ்சினுக்குள்ளேயே வாய்க்கால் மாதிரி இடம் விட்டு, பம்ப் ஒன்றால் தண்ணியைச் சுற்றவிட்டு, சூடேறின தண்ணியை றேடியேற்றருக்குக் கொண்டுபோய் ஆறவைப்பது. றேடியேற்றரில் அதை ஆற்றுவது எது? காற்றுத்தான். ஆக, ரெண்டு எஞ்சினும் கடைசியில் காற்றில்தான் குளிருது. தண்ணி இடையில் நின்று சூட்டைச் சுமக்கிற கூலியாள். இதைக் கண்டுபிடித்தபோது எங்கட சண்டை பாதியாகக் குறைந்தது.

ஆனால் அந்தக் கூலியாள் லேசான ஆள் இல்லை. ஒரு லீற்றர் தண்ணியையும் ஒரு லீற்றர் காற்றையும் ஒரே அளவு சூடாக்கினால், தண்ணி வாங்கிக்கொள்கிற சூடு மூவாயிரம் மடங்குக்கு மேல். அதனால்தான் தண்ணி எஞ்சினுக்கு நிதானம் அதிகம். ஏற்றத்தில் ஏறினாலும் வெள்ளவத்தை நெரிசலில் நின்றாலும் தேமோஸ்ரற் என்ற சின்ன வால்வ் ஒன்று திறந்து மூடி வெப்பநிலையை ஒரு சின்ன எல்லைக்குள் பிடித்து வைக்கும். காற்று எஞ்சினிலும் தேமோஸ்ரற் இருக்கு, விசிறிக் காற்றைத் திறந்து மூடுகிற தட்டுகள் இருக்கு. ஆனால் அதன் சூடு கூடிக் குறைகிற எல்லை பெரிது. வெயில், பாரம், ஏற்றம் எல்லாம் அதை நேரடியாகத் தாக்கும்.

ஏன் முதலில் காற்று?

இந்த எஞ்சின் கொம்பிக்காகப் பிறந்ததில்லை. பீற்றில் காருக்காகப் பிறந்தது. 1930களின் ஜேர்மனியில் சாதாரணக் குடும்பம் ஒன்றும் வாங்கக்கூடிய கார் வேணும் எண்ட திட்டம். அப்படிக் கார் வாங்குகிறவனுக்கு வீட்டில் கராஜ் இருக்காது. பனிக்கால இரவில் கார் தெருவில்தான் நிற்கும். தண்ணி உறைந்தால் விரிந்து எஞ்சினை வெடிக்கவைக்கும். காற்று உறையாது, கொதிக்காது. வொக்ஸ்வாகன் விளம்பரங்கள் பிறகு பல வருசம் இதைச் சொல்லியே விற்றன. பம்ப், றேடியேற்றர், குழாய் ஒண்டும் இல்லாததால் பாரமும் குறைவு, உதிரிப்பாகமும் குறைவு. அந்தக் காலத்துக்கு இது கெட்டித்தனமான முடிவுதான். நாங்கள் அதை மறுக்கவில்லை.

ஆனால் இந்த எஞ்சினைச் சுற்றி ஒரு புனிதக் கதை கட்டுகிறவர்கள் மிச்சத்தையும் வாசிக்க வேணும். அந்தத் திட்டம் ஹிற்லரின் அரசுடையது. 1938 இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முத்திரை ஒட்டிச் சேமித்தால் கார் கிடைக்கும் எண்டு சொல்லி மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்களிடம் காசு வாங்கினார்கள். அந்தத் திட்டத்தில் ஒருத்தருக்கும் கார் கிடைக்கவில்லை. போர் வந்தது. தொழிற்சாலை ராணுவ வாகனம் செய்தது, அதைச் செய்ய வேற்று நாடுகளில் இருந்து கொண்டுவந்த ஆக்கள் கட்டாய வேலை செய்தார்கள். போருக்குப் பிறகு இடிந்து கிடந்த தொழிற்சாலையைத் திரும்ப ஓடவைத்தவர் ஐவன் ஹேர்ஸ்ற் எண்ட பிரித்தானிய ராணுவ அதிகாரி. வடிவமைப்பும் வானத்திலிருந்து விழவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் ரற்றா நிறுவனம் தன்ர வடிவமைப்பைக் களவெடுத்ததாக வழக்குப் போட்டு, வொக்ஸ்வாகன் 1960களில் பணம் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது. ‘அசல்’ எண்டு தேடிப்போனால் இந்த இடத்தில்தான் போய் நிற்போம்.

கொம்பி வந்த கதை இதைவிட இனிமையானது. தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றி இறக்க, பீற்றிலின் அடிச்சட்டத்தில் பலகை போட்ட மாதிரி வண்டிகளை ஓட்டித் திரிந்தார்கள். நெதர்லாந்துக் கார் வியாபாரி பென் பொன் அதைப் பார்த்துவிட்டு, 1947 ஏப்ரலில் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி மாதிரி வானைக் கீறினார். பின்னுக்கு எஞ்சின், முன்னுக்கு சாரதி, நடுவில் சாமான். 1950 மார்ச்சில் அது உற்பத்திக்கு வந்தது. 1131 கன சென்ரிமீற்றர் பீற்றில் எஞ்சின், 25 குதிரைவலு. ஒரு சின்னக் காரை இழுக்கச் செய்த எஞ்சின் ஒரு பாரவண்டியை இழுக்க வந்தது. பிறகு எஞ்சின் பெருத்துக்கொண்டே வந்தாலும், அதன் தலையில் கூடுதல் பாரத்தை வைத்தது இங்கேதான்.

எளிமைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

காற்று எஞ்சினை ரசிக்கிறவர்கள் சொல்லும் முதல் சொல் ‘எளிமை’. உண்மைதான். நாலு நட்டைக் கழட்டினால் எஞ்சினே கியர்ப்பெட்டியிலிருந்து பிரிந்து வந்துவிடும். தெருவோரத்தில் வைத்தே திருத்தலாம். ஜோன் மியூர் எண்ட அமெரிக்கர் 1969 இல், எஞ்சின் பற்றி ஒண்டும் தெரியாத ஆக்களுக்காக வொக்ஸ்வாகன் திருத்துகிற கைநூல் ஒன்று எழுதினார். பீற்றர் அஷ்வாண்டனின் சித்திரங்களோடு வந்த அந்தப் புத்தகம் ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம் ஆனது. திருத்தத் தெரிவது ஒரு விடுதலை எண்ட எண்ணம் அதில் இருக்கு. அந்த எண்ணத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்த எளிமை தன்பாட்டில் ஓடுகிற எளிமை இல்லை. ஏறத்தாழ ஒவ்வொரு 5000 கிலோமீற்றருக்கும் எஞ்சின் ஆறி இருக்கும்போது மூடியைத் திறந்து, மெல்லிய தகட்டு அளவுகோலை வைத்து வால்வ்களின் இடைவெளியைச் சரிபார்க்க வேணும். பீற்றில் வழி வந்த எஞ்சின்களில் பொதுவாக 0.15 மில்லிமீற்றர். இறுகிப்போன வால்வ் வடிவாக மூடாது, சூட்டை விடாது, கடைசியில் எரிந்து உடையும். ஒயிலும் அதே கணக்கில் மாற்ற வேணும், ஏனெண்டால் வெறும் 2.5 லீற்றர் ஒயில்தான் உள்ளே. அந்த ஒயில் வழுக்க மட்டும் இல்லை, குளிரவைக்கவும் உழைக்குது. பழைய எஞ்சின்களில் ஒயிலை ஆற்றுகிற குளிராக்கி விசிறிக் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற காற்றை மறித்தது. அதனால் அந்தச் சிலிண்டர் மற்றதை விடச் சூடாக ஓடியது. 1970களின் தொடக்கத்தில்தான் குளிராக்கியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

இன்னொரு விசயம். விசிறியையும் டைனமோவையும் சுற்றுவது ஒரே பெல்ற். அது அறுந்தால் காற்று நிற்கும். முன்பலகையில் வெப்பமானி இல்லை. சார்ஜ் லைற் எரியுறதுதான் அறிகுறி. அதைக் கவனிக்காமல் ஓடினால் எஞ்சின் போச்சு. பின்னுக்கு இருக்கிற தகரக் கூட்டின் ஒரு துண்டோ அதன் விளிம்பு றப்பரோ காணாமல் போனால், வெளியே போன சூட்டுக் காற்றே திரும்ப உள்ளே வரும். ‘சும்மா தகரம்தானே’ எண்டு கழட்டி எறிந்து எஞ்சினை எரித்த ஆக்கள் ஏராளம். இதெல்லாம் தெரிந்த சாரதியின் கையில் காற்று எஞ்சின் நல்லாத்தான் ஓடும். தெரியாதவனின் கையில் ஒரு சத்தமும் போடாமல் செத்துப்போகும்.

இதைச் சொன்னபோது எங்கட தோழி சொன்ன பதில் முக்கியமானது: “அப்ப அந்த எளிமை சும்மா வரேல்ல. எஞ்சினுக்குள்ள வைக்காத வேலையை சாரதியின்ட தலையில வச்சிருக்கிறாங்கள்.” சனிக்கிழமை பின்னேரம் ஆசைக்கு வால்வ் சரிபார்க்கிறவருக்கு அது தியானம். ஒரு நாளைக்கு நாலு ஓட்டம் ஓடுறவருக்கு அது கூலியில்லாத வேலை.

ரி-3 செய்த பிழை

தண்ணிக்கு எதிராகச் சொல்லப்படுகிற வலுவான சாட்சி வொக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை வான், ரி-3. 1979 இல் அது காற்று எஞ்சினோடுதான் வந்தது. 1980களின் தொடக்கத்தில் முதலில் தண்ணியில் குளிரும் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்கள். பிறகு பெற்றோல் எஞ்சினையும் தண்ணிக்கு மாற்றினார்கள். முதலில் 1.9 லீற்றர், பிறகு 2.1. சிலிண்டர்கள் பழைய மாதிரியே படுத்துக் கிடக்கும், சுற்றிவர மட்டும் தண்ணி. முன்முகத்தில் ரெண்டாவது கிறில் ஒன்று இருந்தால் அது தண்ணி வான்.

இந்த எஞ்சினுக்குக் கெட்ட பெயர் வந்தது உண்மை. சிலிண்டர்த் தலைக்கும் தண்ணி ஓடும் கூட்டுக்கும் நடுவில் றப்பர் கஸ்கற் ஒன்று. அது இருக்கிற இடத்தில் அலுமினியம் அரித்துக் குழிவிழும், பிறகு அதால் தண்ணி கசியும். எஞ்சின் பின்னுக்கு, றேடியேற்றர் முன்னுக்கு. நடுவில் வானின் வயிற்றுக்குக் கீழே நீளக் குழாய்கள். தண்ணியை மாற்றினால் உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். வானின் மூக்கை உயர்த்தி வைத்து றேடியேற்றரின் மேல் உள்ள திருகைத் திறந்து அதை வெளியேற்ற வேணும். “பாத்தியா, தண்ணி வந்தவுடன தொல்லை” எண்டு சொல்ல இது காணும்.

ஆனால் வடிவாகப் பாருங்கள். கசிவுக்குக் காரணம் தண்ணி எண்ட யோசனை இல்லை. காற்றுக்காக யோசித்த உடம்புக்குள் தண்ணியை நுழைத்ததும், உள்ளே விடுகிற திரவத்தை அசட்டை செய்ததும்தான். வொக்ஸ்வாகன் பொஸ்பேற் இல்லாத கூலன்ற் வேணும் எண்டு கேட்டது. கையில் கிடைத்ததை ஊற்றினவர்களின் எஞ்சின்கள்தான் கெதியாக அரித்தன. நேரத்துக்கு நல்ல கூலன்ற் மாற்றின வான்கள் நீண்ட தூரம் ஓடியிருக்கு. இந்த வானைக் காதலிக்கிறவர்களே பிறகு என்ன செய்தார்கள்? பழுதான எஞ்சினைக் கழட்டிவிட்டு ஜப்பானின் சுபாறு எஞ்சினைப் பூட்டினார்கள். அதுவும் தண்ணி எஞ்சின்தான். தென்னாபிரிக்காவில் 2002 வரை ரி-3 செய்தார்கள். அங்கே நிறுவனமே அவுடியின் ஐந்து சிலிண்டர்த் தண்ணி எஞ்சினைப் பூட்டி விற்றது. தண்ணியில் மனம் நொந்தவர்கள் திரும்பக் காற்றுக்குப் போகவில்லை, நல்ல தண்ணி எஞ்சினைத் தேடிப் போனார்கள்.

பிரேசிலில் என்ன நடந்தது?

இனி அந்தப் படத்துக்கு வருவம். ஜேர்மனியில் கொம்பியின் ரெண்டாம் தலைமுறை 1979 இல் நின்றுபோனது. பிரேசிலில் நிற்கவில்லை. 1957 இல் சாவோ பவுலோவுக்குப் பக்கத்தில் தொடங்கின உற்பத்தி 2013 டிசம்பர் வரை நடந்தது. 56 வருசம். அங்கே கொம்பி ரி-ஷேர்ட்டில் இருந்த வான் இல்லை. சந்தைக்கு மரக்கறி ஏற்றினது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது, தபால் கொண்டுபோனது, அம்புலன்சாக ஓடினது.

2005 இன் கடைசியில் அந்த வானின் காற்று எஞ்சினை எடுத்துவிட்டுத் தண்ணி எஞ்சின் பூட்டினார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகினதுதான் காரணம். காற்று எஞ்சினின் சூடு கூடிக் குறைகிறபடியால் பாகங்களுக்கு இடையில் கூடுதல் இடைவெளி விட வேணும், பெற்றோல் கலவையையும் கொஞ்சம் தடிப்பாக விட வேணும். ரெண்டும் புகையைக் கூட்டும். புதிய சட்டத்துக்குள் அதை அடக்குவது கஷ்டம். பழைய 1.6 லீற்றர் எஞ்சின் 58 குதிரைவலு தந்தது. புதிய 1.4 லீற்றர் எஞ்சின் பெற்றோலில் 78, எதனோலில் 80. சின்ன எஞ்சின், கூடுதல் வலு, குறைந்த செலவு. உடம்பு அதே உடம்பு.

எங்கட நண்பன் ‘தோல் மட்டும்தான் மிச்சம்’ எண்டு சொன்ன வான் இதுதான். சந்தைக்கு மரக்கறி ஏற்றுறவருக்கு அது அதே கொம்பிதான், ஏற்றத்தில் முந்தியை விட நல்லா ஏறுகிற கொம்பி. அது கடைசியில் நின்றுபோனதுக்கும் எஞ்சின் காரணம் இல்லை. 2014 இலிருந்து புதிய வாகனங்களுக்கு எயார்பாக்கும் ஏபிஎஸ் பிறேக்கும் கட்டாயம் எண்டு சட்டம் வந்தது. அந்தப் பழைய உடம்பில் அதைப் பூட்ட ஏலாது. முன்னுக்குச் சாரதியின் முழங்காலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு தகடுதான். அதைப் பற்றிக் கவலைப்பட்டது நியாயம்தானே.

மண்ணெண்ணெயும் கிணத்துத் தண்ணியும்

இங்கே எங்கட ஊருக்கு வருகிறோம், ஏனெண்டால் பழைய எஞ்சின்களை எப்படி உயிரோடு வைத்திருப்பது எண்ட கேள்விக்கு யாழ்ப்பாணத்திடம் ஒரு பதில் இருக்கு. 1990களில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் மாதிரிக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எங்கட அப்பா, அம்மாமார் எல்லாருக்கும் அந்தப் புகையின் மணம் ஞாபகம் இருக்கு.

அந்தக் கார்கள் எல்லாம் தண்ணி எஞ்சின்கள். மண்ணெண்ணெய் வடிவாக ஆவியாக எஞ்சின் சூடாக இருக்க வேணும். குளிர்ந்தால் அரைகுறையாக எரிந்து ஒயிலுக்குள் இறங்கும். பிரித்தானியாவில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் மாதிரி எரிபொருளில் ஓடின ட்ராக்ரர்களில் றேடியேற்றருக்கு முன்னால் ஒரு திரையே வைத்திருந்தார்கள், எஞ்சின் கூடக் குளிராமல் இருக்க. குளிராக்கல் எண்டால் சூட்டைக் குறைப்பது எண்டுதான் நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையான வேலை, சூட்டைச் சரியான அளவில் வைத்திருப்பது. அந்த வேலைக்குத் தண்ணி கெட்டி.

ஆனால் தண்ணிக்கும் கவனம் வேணும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கு. கிணத்துத் தண்ணியைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதே வெள்ளை றேடியேற்றருக்குள்ளும் படியும், மெல்லிய குழாய்களை அடைக்கும். பிறகு “இந்த வான் சூடாகுது, எஞ்சின் பழசாப்போச்சு” எண்டு சொல்லுவோம். எஞ்சினில் பிழை இல்லை, ஊற்றின தண்ணியில்தான் பிழை. எங்கட தோழியின் அப்பா மழைத்தண்ணி பிடித்து வைத்துத்தான் கூலன்ற்றோடு கலந்து விடுகிறவராம். எந்தக் கைநூலும் வாசித்து அவர் இதைச் செய்யவில்லை. ஒரு முறை றேடியேற்றரைக் கழட்டிப் பார்த்த பிறகு செய்யத் தொடங்கினதாம்.

2020 இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் இந்த நாட்டை இழுத்தது பழைய வான்கள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறி, மீன், கலியாண வீடு, செத்தவீடு எல்லாம் அதில்தான் போனது. அந்த வான்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்மார் ஒருத்தரும் ‘இது அசல் இல்லை’ எண்டு ஒரு பாகத்தைத் தள்ளிவைக்கவில்லை. வேறு வாகனத்தின் பம்ப்பை அளவெடுத்துப் பூட்டினார்கள், றேடியேற்றரை ஈயம் வைத்து ஒட்டினார்கள். வண்டி ஓடினது.

அசல் எண்டால் என்ன?

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேணும். 1950களின் கொம்பி ஒன்று முழுதாகக் கையில் கிடைத்தால் அதில் தண்ணி எஞ்சின் பூட்டச் சொல்லி நாங்கள் கேட்கமாட்டம். அது ஒரு ஆவணம். அதன் சத்தம், அதன் வேகக் குறைவு, பின்கதவைத் திறந்தவுடன் வருகிற ஒயில் மணம் எல்லாம் அந்தக் காலத்தின் சாட்சி. எங்கட நாட்டிலும் பீற்றில்களையும் கொம்பிகளையும் பிள்ளை மாதிரிப் பார்த்து ஓட்டுற ஆக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற அறிவு பெரிய அறிவு. அது அழியக்கூடாது. திருத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் கொம்பனியிடம் கொண்டுபோகிற எங்கட தலைமுறை அவர்களிடம் படிக்க நிறைய இருக்கு.

நாங்கள் மறுப்பது ஒரே ஒரு வசனத்தை: “தண்ணி வந்தால் அது கொம்பி இல்லை.” இந்த வசனம் எங்களுக்குப் பழக்கமானது. இந்தச் சொல் கலந்தால் அது தமிழ் இல்லை, இந்த வாத்தியம் வந்தால் அது எங்கட இசை இல்லை, இப்படிச் செய்தால் அது எங்கட சடங்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் ஒரு காலத்தைத் தெரிந்தெடுத்து, அதற்கு முதல் நடந்த கலப்பை மறந்து, அதற்குப் பிறகு வந்ததை மட்டும் கலப்படம் எண்டு சொல்லுகிறார். பிரச்சினை அந்த எஞ்சினை நேசிப்பதில் இல்லை. உழைப்புக்காக அதை வைத்திருக்கிறவரைப் பார்த்து, நீ வைத்திருப்பது போலி எண்டு சொல்லுவதில்தான் இருக்கு.

இதில் ஒரு சின்ன வேடிக்கையும் இருக்கு. 2022 இல் வொக்ஸ்வாகன் கொம்பியின் நினைவில் மின்சார வான் ஒன்றை விட்டது. வட்டச் சின்னம், ரெண்டு நிறம் எல்லாம் இருக்கு. பெற்றோல் இல்லை, சைலன்சர் இல்லை. ஆனால் அதன் பற்றரியைக் குளிரவைக்கக் குழாய்களில் திரவம் ஓடுது. எஞ்சினே போன பிறகும் அந்தக் கூலியாள் போகவில்லை.

எங்கட நண்பன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “சத்தம் வராது மச்சான், அந்தச் சத்தம் வராது” எண்டு நிற்கிறான். அது உண்மைதான், வராது. போன ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனோம். அவளின் அப்பா வானின் முன்சீற்றைத் தூக்கி, ஆறின எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறந்து, உள்ளே விரல் விட்டுப் பார்த்து, தண்ணியின் நிறத்தை அவனுக்குக் காட்டினார். “பச்சையா இருந்தாப் பிரச்சினை இல்லை தம்பி. மண்ணிறமாத் தெரிஞ்சா உள்ளுக்கு ஏதோ கறள் பிடிக்குது. அண்டைக்கே பாத்திடோணும்.” அவன் விரலை விட்டுப் பார்த்தான். பச்சைதான்.

உங்கட வீட்டில் பழைய வான் ஒன்று நின்றால், நாளைக்கு விடிய, எஞ்சின் ஆறி இருக்கும்போது, நீங்களும் ஒருக்கா மூடியைத் திறந்து பாருங்கள்.